ஒரே டிஸ்க்கில் ரெண்டு பேர்

சொட்டு மருந்து உங்களுக்கும் போட்டாச்சா சார்? அப்ப முக்கால் மணி நேரம் ஆகும். கண்ணைத் திறக்காதீங்க, எரியும். பேப்பர் படிக்க முடியாது, ஃபோன் பாக்க முடியாது. பேசலாம். பேசறதுக்குக் கண்ணு வேண்டாமே.

உங்க டோக்கன் என்ன நம்பர்? நாப்பத்தொண்ணா? என்னுதும் நாப்பத்தொண்ணு. பாத்தீங்களா! உள்ளே வரும்போதே கவனிச்சேன். கவுன்ட்டர்ல ரெண்டு பொண்ணுங்க, ரெண்டு கம்ப்யூட்டர், ஒரே லிஸ்ட். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல டைப் அடிச்சா என்ன ஆகும்? இதான் ஆகும். இதுக்காகத்தான் சார் நான் ஒரு காலத்துல தலைதலையா அடிச்சுக்கிட்டேன். யாரு கேட்டா?

நான் கோமதிநாயகம். ஒரு பெரிய உரத் தொழிற்சாலைல சிஸ்டம்ஸ் செக்‌ஷன்ல இருந்தேன். தொழிற்சாலை பேரு வேண்டாம், அதுல இருக்கிறவங்க இன்னும் இருக்காங்க. எம்பத்தேழாம் வருஷம் அங்க ஒரு மெயின்ஃப்ரேம் வந்துது. ஒரு பெரிய ஹால் முழுக்க அந்த ஒரே கம்ப்யூட்டர்தான். ஹாலுக்கு ஏ.சி. போட்டாங்க, எங்களுக்கு இல்ல, அதுக்கு. முப்பத்தெட்டு டெர்மினல், அதாவது அதோட இணைச்ச ஸ்க்ரீனும் கீபோர்டும். பச்சை எழுத்து. அதுல யாரு எதைத் தொடலாம், யாரு எதைத் தொடக்கூடாதுன்னு முடிவு பண்றது நான். நான் மட்டும். மேனேஜர் தாணுமூர்த்தி சார்கூட என்கிட்ட கேட்டுத்தான் உள்ளே வரணும்.

பெருமைக்குச் சொல்லல. விஷயம் புரியறதுக்காகச் சொல்றேன்.

நான் சொல்லப்போறது ஒரு அநியாயம் சார். எனக்கு நடந்த அநியாயம். முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் நெஞ்சுல நிக்குது. டிஸ்க்குன்னா என்னன்னு மட்டும் ரெண்டு நிமிஷத்துல சொல்லிடறேன், அப்பதான் தப்பு யாரு மேலன்னு உங்களுக்கே தெரியும்.

அந்த மெஷின்ல இருந்தது பெரிய டிஸ்க், ஒவ்வொண்ணும் வாஷிங் மெஷின் உயரம். ஆனா சிஸ்டம் என்ன பண்ணும்னா, அதைத் துண்டு துண்டாப் பிரிச்சு, ஒவ்வொருத்தருக்கும் ஒரு துண்டு குடுத்து, "இதுதான் உன் டிஸ்க்"னு சொல்லிடும். அவங்களும் நம்பிடுவாங்க. நிஜத்துல தனி டிஸ்க்னு ஒண்ணும் கிடையாது, எல்லாம் பாவனை. கேன்டீனுக்கு ஒரு டிஸ்க், ஸ்டோர்ஸுக்கு ஒண்ணு, எஸ்டேட் செக்‌ஷனுக்கு ஒண்ணு. எஸ்டேட்னா குவார்ட்டர்ஸ் ஒதுக்கறவங்க.

இப்ப எஸ்டேட் டிஸ்க்கை இன்னொருத்தர் பாக்கணும்னா 'லிங்க்'னு ஒரு கமாண்ட் இருக்கு. அதுக்கு மூணு பாஸ்வேர்டு. படிக்க மட்டும் ஒண்ணு. எழுத ஒண்ணு. மூணாவது, ஏற்கெனவே ஒருத்தர் எழுதிக்கிட்டிருந்தாலும் பரவால்ல, நானும் எழுதுவேன்னு உள்ளே போற பாஸ்வேர்டு. இந்த மூணாவது இருக்கே, இது ஆபத்து சார். மகா ஆபத்து. ஏன்னா டிஸ்க்கைத் திறந்ததும், எந்தெந்த இடத்துல எது இருக்கு, எந்த இடம் காலின்னு ஒரு பட்டியலை உங்க பக்கம் எடுத்து வெச்சுக்கும். அந்தப் பக்கம் இன்னொருத்தரும் திறந்தா, அவருக்கும் அதே பட்டியல். நீங்க ஒரு இடம் காலின்னு எழுதுவீங்க. அதே இடம் காலின்னு அவரும் எழுதுவாரு. ரெண்டு பேருக்கும் தெரியாது. கடைசியா யாரு பட்டியலைத் திருப்பி வெக்கிறாங்களோ, அதுதான் நிலைக்கும். உள்ளே எல்லாம் கலந்து கெடக்கும்.

அதனால நான் ஒரு விதி போட்டேன். ஒரு டிஸ்க்கு, ஒரு நேரத்துல ஒரு ஆள்தான் எழுதணும். என் கையாலயே முப்பத்தெட்டு நோட்டீஸ் எழுதி முப்பத்தெட்டு டெர்மினல் மேலயும் ஒட்டினேன். 'இதை மீறுபவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும்'னு சிவப்பு மையில அடிக்கோடு. மூணாவது பாஸ்வேர்டை யாருக்கும் குடுக்கல. என்கிட்ட மட்டும் வெச்சுக்கிட்டேன். யாராவது ஒருத்தர்கிட்ட இருக்கணும்ல?

எஸ்டேட் செக்‌ஷன்ல பிலோமினான்னு ஒரு அம்மா. என்னைவிட ரெண்டு வயசு பெரியவங்க. ஒல்லியா, கண்ணாடி போட்டு, எப்பவும் ஒரு நீள நோட்டுப் புஸ்தகத்தோட இருப்பாங்க. அந்த டிஸ்க்குல எழுதற உரிமை அவங்களுக்கு. மத்த எல்லா செக்‌ஷனுக்கும் படிக்க மட்டும். வெயிட்டிங் லிஸ்ட்ல தன் நம்பர் என்னன்னு யாரு வேணாலும் டெர்மினல்ல பாத்துக்கலாம். இந்த ஏற்பாடு பண்ணினது நான். அதுக்கு முன்னாடி அந்த லிஸ்ட் ஒரு பீரோக்குள்ள இருந்துது, சார். முன்னூத்தி நாப்பது பேர் தினம் வந்து அந்த அம்மா மேஜையைச் சுத்தி நிப்பாங்க. நான் டிஸ்க்கைப் பகிர்ந்து குடுத்ததுக்கு அப்புறம் ஒருத்தர் வரல. அதுக்கு அந்த அம்மா எனக்கு ஒரு நன்றி சொன்னாங்களா? சொன்னாங்க. ஆனா சாதாரணமா சொன்னாங்க.

எம்பத்தெட்டு ஜூன்ல பதினோரு புது வீடு தயாராச்சு. கீழ்த்தள வீடு, ரெண்டு ரூம், குழாய்ல இருபத்திநாலு மணி நேரமும் தண்ணி. பதினோரு வீடு, முன்னூத்தி நாப்பது பேர். வேலைக்குச் சேந்த தேதிப்படி வரிசை. வீட்ல யாருக்காவது உடம்புக்கு முடியாம இருந்து டாக்டர் சர்டிபிகேட் குடுத்தா, அஞ்சு வருஷ சீனியாரிட்டி கூடும், மேல போவாங்க.

நான் எத்தனாவது? பதினொண்ணாவது. கடைசி வீடு என்னுது.

நாங்க அப்ப டவுன்ல ரெண்டாவது மாடில குடியிருந்தோம். அடிபம்பு கீழே தெரு முனையில. செண்பகம், என் வொய்ஃப், ஒரு நாளைக்குப் பன்னெண்டு குடம் தூக்குவா. எனக்கு முதுகுவலி, பாரம் தூக்கக் கூடாது. அவளும் ஒண்ணும் சொல்ல மாட்டா. நடந்தா உடம்புக்கு நல்லதுன்னு நானும் சொல்லுவேன். அப்ப அவளுக்கு ஆறாம் மாசம்.

தினம் காலைல டெர்மினல்ல உக்காந்ததும் முதல் வேலை, எஸ்டேட் டிஸ்க்கை லிங்க் பண்ணி, லிஸ்ட்டைத் திறந்து, பதினொண்ணு. சரி. டீ குடிச்சிட்டு வந்து ஒரு தடவை, பதினொண்ணு. சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை. ஒரு நாளைக்கு நாலு தடவை சார். ஒருத்தன் தன் நம்பரைப் பாக்கறது தப்பா?

வியாழக்கிழமை மூணு மணிக்கு லிஸ்ட் பிரின்ட் ஆகி நோட்டீஸ் போர்டுல ஒட்டணும். அன்னைக்கு மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னாடி திறக்கறேன். பன்னெண்டு.

மறுபடியும் திறந்து பாத்தேன். பன்னெண்டுதான். மேல என்ன ஆச்சுன்னு பாத்தா, ஒன்பதாவது இடத்துல ஒரு புதுப் பேரு. சிவனாண்டி, ஃபயர் சர்வீஸ். வைத்தியக் காரணம். அந்த ஆளோட பொண்ணுக்குப் போலியோ, எட்டு வயசு, மூணு மாடி ஏறணும், தினம் தோள்ல தூக்கிட்டு ஏறி இறங்கறாரு. சர்டிபிகேட் அன்னைக்குக் காலைலதான் வந்துது, அந்த அம்மா உடனே ஏத்திட்டாங்க. நியாயம்தான். நான் அதை ஒண்ணும் சொல்லல. எனக்கு அதுல துளி வருத்தமும் கிடையாது.

ஆனா அப்பதான் நான் இன்னொண்ணைக் கவனிச்சேன். தற்செயலா. எனக்கு மேல பதினொண்ணாவது ஸ்டோர்ஸ் பூவராகன். அவர் சேந்த தேதி எழுபத்தொம்பது ஜூன் பன்னெண்டு. எனக்குப் போட்டிருந்தது ஜூன் பதினேழு. நான் ஜூன் ஏழாம் தேதியே வந்துட்டேன் சார்! ஏழாம் தேதி காலைல எட்டரை மணிக்கு கேட்ல நிக்கறேன். மெடிக்கல் ஃபிட்னஸ் வரலைன்னு பத்து நாள் உள்ளே விடல. அது என் தப்பா? வந்த தேதிதானே சேந்த தேதி? அப்ப அது பிழை. பிழையைத் திருத்தறது என் கடமை, நான் சிஸ்டம்ஸ்.

பிலோமினா அம்மாகிட்ட சொல்லித் திருத்தச் சொல்லியிருக்கலாமேன்னு நீங்க கேக்கலாம். அவங்களுக்கு ஏன் தொந்தரவு? மூணு மணிக்கு லிஸ்ட் போகணும், பாவம், வேலையா இருப்பாங்க. நானே மூணாவது பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போனேன்.

போனதும் ஒரு மெசேஜ் வந்துது. 'இந்த டிஸ்க்கில் பிலோமினா எழுதிக்கொண்டிருக்கிறார்'னு. இங்கிலீஷ்ல வரும், நான் தமிழ்ல சொல்றேன். அந்த மெசேஜை யாரு வரவெச்சது? நான் வரவெச்சது. மத்தவங்க எச்சரிக்கையா இருக்கணும்னு. என்னையே அது எச்சரிச்சா நான் என்ன பண்றது? என்டர் தட்டினேன்.

பதினேழை ஏழாக்கினேன். தேதி மாறினா வரிசை மாறணும்ல, அதனால என் வரியைத் தூக்கி பூவராகன் வரிக்கு மேல வெச்சேன். சேவ் பண்ணினேன். போற போக்குல, என் இனிஷியல் 'சி'ன்னு தப்பா இருந்துது, 'எஸ்'னு மாத்தினேன். அது யாருக்கு நஷ்டம்? எல்லாம் ரெண்டு நிமிஷம். சாப்பிடப் போயிட்டேன். அன்னைக்குக் கேன்டீன்ல வத்தக்குழம்பு, இன்னும் ஞாபகம் இருக்கு.

அதே ரெண்டு நிமிஷத்துல அந்த அம்மா என்ன பண்ணிக்கிட்டிருந்தாங்க தெரியுமா? அதே டிஸ்க்குல வேற ஒரு ஃபைல். குவார்ட்டர்ஸ் புகார் ரெஜிஸ்டர். யாரு வீட்ல ஜன்னல் உடைஞ்சுது, யாரு வீட்ல என்ன தொல்லைன்னு வியாழக்கிழமை வியாழக்கிழமை ஏத்துவாங்க. சரியா நான் எழுதற நேரம் பாத்து அவங்களும் எழுதணுமா? எழுதினாங்க. அதான் நான் சொல்றேன், தப்பு ஒரு பக்கம் மட்டும் இல்ல.

மூணு மணிக்கு லிஸ்ட் பிரின்ட் ஆச்சு. தாணுமூர்த்தி சார் கையெழுத்துப் போட்டார். படிச்சுப் பாத்தாரா? அவர் எதைப் படிச்சுப் பாத்திருக்கார். பியூன் கொண்டுபோய் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சுப் பூட்டிட்டார்.

மூணே காலுக்கு வெளியே ஒரே சத்தம். சிரிப்புச் சத்தமா, சண்டைச் சத்தமான்னு தெரியல. ஷிஃப்ட் முடிஞ்சு வர்றவங்க, ஷிஃப்டுக்குப் போறவங்க, ஒரு ஐந்நூறு பேர் நோட்டீஸ் போர்டு முன்னாடி. நான் ஆளைத் தள்ளிக்கிட்டு முன்னால போனேன். ஒண்ணு முதல் எட்டு வரைக்கும் சரியா இருக்கு. ஒன்பதாவதுல என்ன இருந்துது தெரியுமா சார்?

'ஒன்பது. நாய்த் தொல்லை, சி பதினாலு பின்புறம், மூன்று குட்டிகளுடன்.'

அடுத்தது, 'பத்து. பெருச்சாளி, சமையலறைக்கு அடியில், நிரந்தரமாக உள்ளது.'

அடுத்தது, 'பதினொன்று. எஸ். கோமதிநாயகம், சிஸ்டம்ஸ், 7-6-1979.'

என் வரி மட்டும் பளிச்சுனு இருந்துது. தேதி சரி, இனிஷியல் சரி. ஒரு எழுத்துப் பிசகல. ரெண்டு வரி நாசமாப் போயி, மூணாவது வரி மட்டும் எப்படித் தப்பிச்சுதுன்னா, அது டிஸ்க்குல பிளாக்னு சொல்ற கட்டம் எங்க முடியுதுங்கறதைப் பொறுத்தது. அறிவியல் சார் அது. ஆனா ஐந்நூறு பேருக்கு முன்னாடி நின்னு அறிவியல் பேச முடியுமா?

ஒருத்தன் சொல்றான், "மூணு குட்டி இருக்குய்யா, குடும்பஸ்தன், வீடு குடுக்கட்டும்!"

இன்னொருத்தன் கான்ட்ராக்ட் தொழிலாளி, அவன் சொல்றான், "பெருச்சாளிக்கே நிரந்தரம்னு போட்டாச்சு. நான் ஒன்பது வருஷமா தற்காலிகம்."

பூவராகன் கண்ணாடி மேல விரலை வெச்சு என் பேரைத் தொட்டாரு. அப்புறம் அப்படியே கீழே இறக்கி பன்னெண்டாவதா இருந்த தன் பேரைத் தொட்டாரு. அப்புறம் திரும்பி என்னைப் பாத்தாரு.

"கோமதிநாயகம், காலைல நான் உங்களுக்கு மேல இருந்தேன்."

"மெஷின் பூவராகன்," அப்படின்னேன். "மெஷின்."

நாலு மணிக்கு கேட் மீட்டிங். யூனியன் செயலாளர் ஒரு ஸ்டூல் மேல ஏறி நின்னு, "நாய்க்கு வீடு! நமக்கு வாடகை!"ன்னு ஆரம்பிச்சாரு. எங்க ஊர்ல அந்த மாதிரி ஒரு கோஷம் அதுக்கு முன்னாடியும் வந்ததில்ல, பின்னாடியும் வந்ததில்ல. நான் சிஸ்டம்ஸ் ரூமுக்குள்ள போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கிட்டேன். பயம் இல்ல. வேலை இருந்துது.

அப்ப கண்ணாடியைத் தட்டினது சிவனாண்டி. காக்கி யூனிஃபார்ம், கையில தொப்பி. கதவைக் கொஞ்சமாத் திறந்தேன்.

"சார், காலைல ஒன்பதாவதா என் பேரு ஏறிடுச்சுன்னு மேடம் சொன்னாங்க. புள்ளைக்கிட்டயும் சொல்லிட்டேன். இப்ப அந்த இடத்துல நாய் இருக்கு. நான் யாரைப் போய்க் கேக்கறது சார்? நாயைக் கேக்கவா?"

கிண்டலா கேட்டாரா, நிஜமாவே கேட்டாரான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. முகத்துல சிரிப்பு இல்ல. "இது டெக்னிக்கல் விஷயம், உங்களுக்குப் புரியாது"ன்னு சொல்லி அனுப்பிட்டேன். போயிட்டாரு. போகும்போது தேங்க்ஸ் சார்னு வேற சொன்னாரு. அது கொஞ்சம் ஒரு மாதிரியா இருந்துது. ஆனா நான் என்ன பண்ண முடியும், சொல்லுங்க.

மறுநாள் காலைல பத்து மணிக்கு தாணுமூர்த்தி சார் ரூம்ல விசாரணை. அவரு, யூனியன் செயலாளர், பிலோமினா அம்மா, நான். நான் முன்கூட்டியே நாலு பக்கம் எழுதி எடுத்துட்டுப் போனேன். பொறுப்பில்லாத உபயோகிப்பாளர்களால் பொது டிஸ்க்குகளுக்கு ஏற்படும் சேதம், அப்படின்னு தலைப்பு. படிக்க ஆரம்பிச்சேன். ரெண்டாவது பக்கத்துல தாணுமூர்த்தி சார் கையைக் காட்டி நிறுத்தினாரு.

"கோமதி, யாரு எந்த டிஸ்க்கை எப்ப திறந்தாங்கன்னு பதிவாகும்னு போன மாசம் சொன்னீங்களே, அது இருக்கா?"

இருக்கு சார். அதையும் போட்டது நான்தான். திருட்டுத்தனமா யாராவது நுழைஞ்சா பிடிக்கறதுக்கு. ஆபரேட்டர் அந்தத் தாளைக் கொண்டுவந்து வெச்சாரு. வியாழன், பன்னெண்டு நாப்பத்தேழு, எஸ்டேட் டிஸ்க், எழுத, உபயோகிப்பாளர் கோமதி.

"இது நீங்கதானே?"

"பராமரிப்புக்காகப் போனேன் சார்."

"எதைப் பராமரிச்சீங்க?"

"பொதுவா."

யூனியன் செயலாளர் சிரிச்சாரு. இப்ப பிலோமினா அம்மா என்னைக் கிழிக்கப் போறாங்கன்னு நான் காத்திருக்கேன். பதிலுக்குச் சொல்ல என்கிட்ட மூணு பாயின்ட் தயாரா இருக்கு. அவங்க அந்த நீள நோட்டை எடுத்து மேஜை மேல வெச்சாங்க. "லிஸ்ட் முழுக்க இதுல இருக்கு சார். முன்னூத்தி நாப்பது பேரும். மாத்தம் வர வர கையால எழுதி வெச்சுடுவேன். இதைப் பாத்து இன்னைக்கே திருப்பி ஏத்திடலாம்."

எனக்கு எப்படி இருந்திருக்கும்! ஒரு வருஷமா, சார். ஒரு வருஷமா என் மெஷினை நம்பாம, ஏ.சி. போட்ட அந்த மெஷினை நம்பாம, கையால எழுதி வெச்சிருக்காங்க! இது அவமானமில்லையா? நான் அதை அங்கேயே கேட்டேன். "அப்ப என் சிஸ்டம் மேல உங்களுக்கு நம்பிக்கை இல்ல?"

"சிஸ்டம் மேல இருக்கு சார்" அப்படின்னாங்க.

அவ்வளவுதான் சொன்னாங்க. அதுக்கு என்ன அர்த்தம்னு நான் அப்ப யோசிக்கல.

தாணுமூர்த்தி சார் பர்சனல் செக்‌ஷன்ல இருந்து என் சர்வீஸ் புக்கை வரவெச்சாரு. சேந்த தேதி, பதினேழு. கேட்ல நின்ன பத்து நாள் அதுல இல்ல. நான் பழையபடி பன்னெண்டு. கதை முடிஞ்சுதுன்னு எழுந்திருக்கப் போனேன். அப்ப அந்த அம்மா என்னைப் பாத்து மெதுவா கேட்டாங்க.

"சார், நீங்க ஏன் சர்டிபிகேட் குடுக்கல?"

"என்ன சர்டிபிகேட்?"

"உங்க வீட்டம்மாவுக்கு ஆறு மாசம் இல்லையா. மாடி வீடு, கீழே இருந்து தண்ணி தூக்கறது, இதெல்லாம் வைத்தியக் காரணத்துல வரும். சர்டிபிகேட் இருந்தா நீங்க மூணாவது இடம். சர்க்குலரை டிஸ்க்குல போட்டிருந்தேனே. லிஸ்ட்டுக்கு நேர் கீழே."

இந்தத் தடவை யூனியன் செயலாளர்கூடச் சிரிக்கல.

தினம் நாலு தடவை அந்த டிஸ்க்கைத் திறந்தவன் நான். உள்ளே பதினாறு ஃபைல் இருந்திருக்கு. நான் பாத்தது ஒரு ஃபைல்ல ஒரு வரி. மத்ததை நான் எதுக்குப் பாக்கணும்? அது எஸ்டேட் விஷயம். முக்கியமான விஷயம்னா நேர்ல வந்து சொல்ல வேண்டாமா? அவங்க செக்‌ஷனுக்கும் என் ரூமுக்கும் நடுவுல நாலே கதவு. நாலு கதவு நடந்து வந்து, கோமதிநாயகம் சார், இப்படி ஒரு சலுகை இருக்குன்னு ஒரு வார்த்தை! சொல்லியிருந்தா நான் ஏன் டிஸ்க்குக்குள்ள போறேன், நாய்க்கு ஏன் வீடு போகுது? மூல காரணம் எங்க இருக்கு பாத்தீங்களா? அதான் சார் நான் சொல்ற அநியாயம்.

அதுக்கப்புறம் நடந்தது இன்னும் மோசம். மூணாவது பாஸ்வேர்டை என்கிட்ட இருந்து பிடுங்கிட்டாங்க. எஸ்டேட் டிஸ்க்குக்கு எல்லா பாஸ்வேர்டும் பிலோமினா அம்மாவே வெக்கலாம்னு ஆர்டர். படிக்கிற பாஸ்வேர்டைக்கூட நான் அவங்ககிட்ட எழுத்து மூலமா கேட்டு வாங்கணும். கேட்டேன். ஒரு துண்டுத் தாள்ல எழுதி அனுப்பினாங்க. PERUCHAL. எட்டு எழுத்துக்கு மேல மெஷின் ஏத்துக்காது, அதனால கடைசி எழுத்து இல்ல. ஒவ்வொரு தடவையும் என் நம்பரைப் பாக்க நான் அதை டைப் அடிக்கணும். என் விரலால. ஆபரேட்டருங்க பின்னாடி நின்னு ஒண்ணு, ரெண்டுன்னு எட்டு வரைக்கும் எண்ணுவானுங்க.

சிவனாண்டிக்கு வீடு கெடச்சுது, ஒன்பதாவதுதான். பூவராகனுக்குப் பதினொண்ணு. பாருங்க, அவருக்குத்தான் கடைசி வீடு. இன்னைக்கும் எங்கயாவது பாத்தா, "என்ன கோமதி, யாருக்கு மேல இருக்கீங்க இப்போ?"ன்னு கேப்பாரு.

எனக்கா? கெடச்சுது. அதுவும் ஒரு கதை. விசாரணை முடிஞ்ச அன்னைக்கு சாயங்காலமே பிலோமினா அம்மா எங்க வீட்டு மாடி ஏறி வந்து நிக்கறாங்க. கையில ஃபாரம். செண்பகத்தைக் கூட்டிட்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய், சர்டிபிகேட் வாங்கி, அவங்களே ஏத்திட்டாங்க. அந்தப் பதினோரு வீடும் அதுக்குள்ள ஒதுக்கியாச்சு, ஆனா ஆகஸ்ட்ல ஒருத்தர் ரிட்டயர் ஆகி ஒரு வீடு காலியாச்சு, முதல் இடம் நான். செப்டம்பர்ல குடி போனோம், அக்டோபர்ல பொண்ணு பொறந்தா. சரி, நல்லது பண்ணினாங்க, நான் இல்லேங்கல. ஆனா அந்தக் கேள்வி அப்படியே இருந்துது சார். ஏன் முன்னாடியே வந்து சொல்லல?

போன மாசம் பென்ஷனர்ஸ் சங்கத்துல ஆண்டுக் கூட்டம். செண்பகத்தோட போயிருந்தேன். பிலோமினா அம்மா வந்திருந்தாங்க. எழுபத்தாறு வயசு, கையில கம்பு, ஆனா குரல் அப்படியே. செண்பகமும் அவங்களும் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒரே பேச்சு. ரெண்டு பேரும் இத்தனை வருஷமா ஃபோன்ல பேசிக்கிறாங்க, அது வேற விஷயம். நான் காப்பி டம்ளரோட போய் நேராக் கேட்டுட்டேன். முப்பத்தஞ்சு வருஷமா வெச்சிருந்த கேள்வி. "மேடம், நாலு கதவுதானே. நேர்ல வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அவங்க என்னை ஆச்சரியமாப் பாத்தாங்க.

"வந்தேனே சார். மூணு தடவை வந்தேன். நீங்க உங்க ரூம் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துல இருந்து, எதுவா இருந்தாலும் டிஸ்க்குல போடுங்க, நான் படிச்சுக்கறேன்னு கையைக் காட்டினீங்க. மூணு தடவையும். அதான் போட்டேன்."

நான் அப்படிச் சொன்னதா எனக்கு ஞாபகமே இல்ல சார்.

"உங்களுக்கு ஏன் அவ்வளவு அக்கறை?"ன்னு கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான். வாய்ல வந்துடுச்சு.

"ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு உங்க தெரு வழியாத்தான் போவேன். ஒரு நாள் உங்க வீட்டம்மா மாடிப்படியில பாதி தூரத்துல குடத்தை இறக்கி வெச்சுட்டு, சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. ரொம்ப நேரம் நின்னாங்க. நான் போய்த் தூக்கிட்டு வந்து மேல வெச்சேன். நீங்க உள்ளே ரேடியோ கேட்டுக்கிட்டிருந்தீங்க."

செண்பகம் என்கிட்ட இதைச் சொன்னதே இல்ல. ஒரு தடவைகூட. நான் அவளைத் திரும்பிப் பாத்தேன். அவ பாக்கு மட்டையில இருந்த கேசரியைச் சாப்பிட்டுக்கிட்டிருந்தா. தலை நிமிரல.

கையில காப்பி ஆறிப்போச்சு சார்.

இருந்தாலும் ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கற ஆளுக்குக் காது கேக்குமா? கேக்காது. நான் கையைக் காட்டினது 'உள்ளே வாங்க'ன்னுகூட இருக்கலாம். இல்லையா? ஒரு கையசைவை வெச்சு எப்படி முடிவு பண்றது? நீங்க நடுநிலையான ஆளு, உங்களுக்கு என்னையும் தெரியாது, அவங்களையும் தெரியாது. அதான் உங்ககிட்ட கேக்கறேன். என்ன, ஒண்ணுமே பேசாம இருக்கீங்க? தூங்கிட்டீங்களா? இல்லையே? சரி, சரி, கண்ணைத் திறக்காதீங்க.

செருப்புச் சத்தம் கேக்குதா? மாடிப்படி ஏறி யாரோ வர்றாங்க. அது செண்பகம்தான், எனக்கு நடையே தெரியும். நடுவுல ஒரு தடவை நின்னு மூச்சு வாங்கிட்டு வருவா.

சார், ஒரு உதவி. அவ பக்கத்துல வந்து உக்காந்தா, இதைப் பத்தி எதுவும் கேக்காதீங்க. அவ வேற மாதிரி சொல்லுவா.